எத்தனை இடம்? எவ்வளவு உறுதி?

2021 மே 2ஆம் தேதி மொடக்குறிச்சித் தொகுதியின் வாக்குகளை எண்ணி முடித்தபோது பாஜகவின் சி. சரஸ்வதிக்கு 78,125 வாக்குகள், திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு 77,844 வாக்குகள். வித்தியாசம் 281. கொடுமுடியும் சிவகிரியும் அரச்சலூரும் அவல்பூந்துறையும் அடங்கிய தொகுதி அது. காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களிலிருந்தும் மழையை நம்பிய மேட்டாங்காடுகளிலிருந்தும் வந்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தார்கள். அவர்களில் 141 பேர் மட்டும் தாமரையில் அழுத்தியதை உதயசூரியனில் அழுத்தியிருந்தால் முடிவு ஒரே ஒரு வாக்கில் மாறியிருக்கும். இப்படியொரு முடிவை முன்கூட்டியே எந்தக் கணக்காவது சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆனால் நல்ல கணக்கு ஒன்று இருந்திருந்தால், 'இந்தத் தொகுதியில் யார் வெல்வார் என்று சொல்ல இயலாது, இரண்டு பேருக்கும் சம வாய்ப்பு' என்று தெளிவாகச் சொல்லியிருக்கும். அப்படிச் சொல்ல முடிவதுதான் அதன் பலம். தேர்தல் கணிப்பு என்றாலே யாருக்கு எத்தனை இடம் என்ற ஓர் எண்ணை மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லும் இரண்டாவது எண் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்துச் சொல்லாதவரை எந்த நிறுவனத்தின் அறிவிப்பும் கணிப்பு என்ற பெயருக்குத் தகுதி பெறாது.

மொடக்குறிச்சி போன்ற முடிவை ஏன் முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு எளிய கணக்கு போதும். ஒரு தொகுதியில் எந்தச் சாய்வும் இல்லாமல் ஆயிரம் பேரைப் பொறுக்கியெடுத்துக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு அதில் கிடைக்கும் சதவீதம், உண்மையான சதவீதத்திலிருந்து சுமார் 3 புள்ளி மேலேயோ கீழேயோ விலகியிருக்கலாம். நூறு முறை இப்படிக் கேட்டால் 95 முறை அந்த எல்லைக்குள் நிற்கும். மற்ற ஐந்து முறை அதையும் தாண்டும். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கணக்கிடும்போது இந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஒன்றுக்குத் தவறுதலாகக் கூடியது பெரும்பாலும் மற்றொன்றிலிருந்து குறைந்ததாகவே இருக்கும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் சாம்பிளை நான்கு மடங்காக்க வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்காக்க வேண்டும். மொடக்குறிச்சியில் இருந்த இடைவெளியோ ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடிக்க வாக்களித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் விசாரித்தாக வேண்டும். அது கணிப்பு ஆகாது, வாக்கு எண்ணிக்கையே ஆகிவிடும்.

இந்தக் கணக்கும் அந்த ஆயிரம் பேர் உண்மையிலேயே சாய்வில்லாமல் கிடைத்தால்தான் செல்லும். எக்ஸிட் போல் எடுக்கும் ஊழியர் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று, வருகிறவர்களில் இத்தனாவது ஆள் என்று எண்ணி நிறுத்திக் கேட்க வேண்டும். நடைமுறையில் அவசரமாக வேலைக்குத் திரும்புகிற கூலித் தொழிலாளி நிற்க மாட்டார். கூட வந்த ஆண் பதில் சொல்லிவிட்டால் பெண் பேசாமல் நகர்ந்துவிடுவார். ஊரில் செல்வாக்குள்ள கட்சியின் ஆள் பக்கத்தில் நின்றால் எதிர்க்கட்சிக்குப் போட்டவர் வாய் திறக்க மாட்டார். இதைத் தவிர்க்கத்தான் டெல்லியின் சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதி ஆய்வாளர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைப் பொறுக்கி வீட்டுக்கே போகிறார்கள். சின்னங்கள் அச்சிட்ட ஒரு மாதிரி வாக்குச்சீட்டை நீட்டி, குறியிட்டு மடித்து, கையோடு கொண்டுபோன பெட்டியில் போடச் சொல்கிறார்கள். கேட்பவருக்கும் தெரியாமல் பதில் பதிவாகிறது. ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலியையும் கிழங்கையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். ஒன்றின் சாம்பிளை வைத்து மற்றொன்றுக்கு விலை வைக்க மாட்டார்கள். வாக்காளர்களும் அப்படித்தான். ஆண், பெண், வயது, சாதி, படிப்பு, நகரம், கிராமம் என ஒவ்வொரு பிரிவும் தன் அளவுக்கேற்பச் சாம்பிளில் இருக்க வேண்டும். குறைந்தால் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எடைபோட்டுச் சரிசெய்ய வேண்டும். இலங்கையில் 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு கொழும்பின் சுகாதாரக் கொள்கை நிறுவனம் இந்த எடைபோடும் முறையின் வளர்ந்த வடிவத்தைப் பயன்படுத்தியது. தேர்தல் நெருங்கிய வாரங்களில் அநுர குமார திசாநாயக்க முன்னிலையில் இருப்பதையும் அது எடுத்துச் சொன்னது. அவரே 42.31 சதவீத முதல் விருப்ப வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டன.

சாம்பிள் பெரிதாக இருந்தால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். போதாது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று 1936இல் அமெரிக்காவில் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் அதிபராவார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரிகளை எடுத்ததும், பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததும் காரணம். அதைவிடப் பல மடங்கு சிறிய சாம்பிளை வைத்து ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் இதே பாடம் திரும்பியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோரை விசாரித்ததாகச் சொன்ன ஆக்ஸிஸ் மை இந்தியா, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் என்றது, கிடைத்தது 293. ஆயிரம் பேரைக் கேட்பதால் வரும் தற்செயல் பிழை, லட்சம் பேரைக் கேட்டால் கரைந்துவிடும். பதில் சொல்பவர்களும் சொல்லாதவர்களும் வேறு வேறு மாதிரி வாக்களிப்பதால் வரும் சாய்வு, கோடிப் பேரைக் கேட்டாலும் கரையாது.

வாக்குச் சதவீதத்தை ஓரளவு சரியாகப் பிடித்துவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அதை இடங்களாக மாற்றுவதில்தான் நம் நாட்டுக் கணிப்புகள் பெரும்பாலும் இடறி விழுகின்றன. தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவும் திமுக கூட்டணியும் பெற்ற வாக்குகளுக்கு இடையே சுமார் ஒரு சதவீத வித்தியாசம்தான் இருந்தது. அன்று தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுகவுக்கு 134, திமுக கூட்டணிக்கு 98. அந்தத் தேர்தலில் ஆக்ஸிஸ் நிறுவனம் திமுக அணிக்கு 124 முதல் 140 இடம் என்றது. சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்றது. ஒருவர் தோற்று ஒருவர் வென்றதுபோல் அன்று பேசப்பட்டது. வாக்கில் ஒரு சதவீதம் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் ஆட்சியே மாறும் என்ற நிலையில், உண்மையான கணிப்பு இரண்டுக்கும் இடமளித்திருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களும் ஒரு பக்கத்தை மட்டும் உறுதியாகச் சொன்னதுதான் குறை. இதன் மறுபக்கத்தை 2024இல் பார்த்தோம். பாஜகவின் வாக்கு 2019இல் இருந்த சுமார் 37.4 சதவீதத்திலிருந்து 36.6 சதவீதமாக, ஒரு புள்ளிக்கும் குறைவாகவே சரிந்தது. இடங்கள் 303இலிருந்து 240ஆக இறங்கின.

வாக்கை இடமாக மாற்றப் பிரிட்டனின் டேவிட் பட்லர் பரப்பிய வழி ஒன்று உண்டு. சென்ற தேர்தலைவிட ஒரு கட்சிக்கு எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று பார்த்து, அதே அளவை எல்லாத் தொகுதிகளிலும் கூட்டிக் கழிப்பதுதான் அது. பிரணாய் ராயும் அசோக் லாகிரியும் பட்லரோடு சேர்ந்து இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்து, இதனுடன் எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு என்ற அளவையும் இணைத்தார்கள். எதிர்ப்பு வாக்குகள் முழுவதையும் கூட்டி, அதில் மிகப்பெரிய எதிரணி எத்தனை சதவீதத்தைக் கைப்பற்றியது என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணெதிரே காணலாம். 2021இல் திமுக கூட்டணி சுமார் 45 சதவீத வாக்குடன் 234இல் 159 இடங்களை வென்றது. 2024இல் சுமார் 47 சதவீதத்துடன் 39 நாடாளுமன்றத் தொகுதிகளையும் மொத்தமாக அள்ளியது. அதன் வாக்கு பெரிதாக ஏறிவிடவில்லை. 2021இல் அதிமுகவும் பாஜகவும் பாமகவும் ஒரே அணியில் நின்றதால் எதிர்ப்பு வாக்குகளில் சுமார் 73 சதவீதம் ஓரிடத்தில் குவிந்தது. 2024இல் அதிமுக அணி 23 சதவீதம், பாஜக அணி 18 சதவீதம் எனப் பிரிந்தன; முதன்மை எதிரணியிடம் எதிர்ப்பு வாக்கில் 44 சதவீதம்கூட இல்லை. கூட்டணிக் கணக்கு தெரியாமல் வாக்குக் கணக்கு மட்டும் தெரிந்தவர் இங்கே எதையும் கணிக்க முடியாது.

எல்லாத் தொகுதியிலும் காற்று ஒரே அளவில் வீசும் என்ற எடுகோளைக் கொங்கு வட்டாரம் உடைத்துக் காட்டியது. 2021இல் ஆக்ஸிஸ் திமுக அணிக்கு 175 முதல் 195 என்றது, டுடேஸ் சாணக்யா 175க்குப் பதினொன்று கூடவோ குறையவோ என்றது, சி-வோட்டர் 160 முதல் 172 என்றது. யார் வெல்வார் என்பதில் மூவரும் சரி. ஆனால் மூவருடைய எல்லைகளுக்கும் வெளியே, ஒரே பக்கமாக, 159இல் முடிவு நின்றது. சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளும் திமுக அணிக்குப் போன அதே நாளில், கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக அணிக்குப் போயின. சேலத்தில் 11க்கு 10, ஈரோட்டில் 8க்கு 5. மாநிலம் முழுவதும் அந்த அணி வென்ற 75 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த மூன்று மாவட்டங்களிலிருந்து மட்டும் கிடைத்தது. மாநில சராசரியைக் கோவையிலும் ஈரோட்டிலும் அப்படியே பொருத்திப் பார்க்கும் கணக்கு மாதிரி இங்கே தவறாமல் சறுக்கும். கோவை தெற்குத் தொகுதி இன்னொரு சிக்கலையும் காட்டியது. வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481 என்று 1,728 வாக்கில் முடிந்த அந்தப் போட்டியில் காங்கிரஸ் வேட்பாளரும் 42 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். கமல்ஹாசனின் கட்சிபோல, முந்தைய சட்டமன்றத் தேர்தலில் களத்திலேயே இல்லாத ஒரு கட்சி இரண்டாம் இடத்துக்கு வரும்போது, எந்தப் பழைய எண்ணோடு கூட்டிக் கழிப்பது? இதே மொடக்குறிச்சியில் 1996இல் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள்; பெரும்பாலோர் தங்கள் கோரிக்கைகளை நாடு கவனிக்க வேண்டும் என்று மனு போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. கணக்கு மாதிரி எதுவானாலும் நேற்று நடந்ததை வைத்தே நாளையைச் சொல்கிறது. நேற்று நடக்காத ஒன்றுக்கு அதில் வரி இல்லை.

இந்தக் குறைகளை ஒப்புக்கொண்டே கணக்குப் போடும் வழி ஒன்றும் நம்மிடையே உருவானது. புள்ளியியல் அறிஞர் ராஜீவா கரந்திகர், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். சிஎஸ்டிஎஸ் ஆய்வாளர்கள் திரட்டிய தரவுகளை இடங்களாக மாற்றும் பணியைப் பல தேர்தல்களில் செய்தவர். ஒவ்வொரு தொகுதியிலும் யார் முன்னணி என்று எண்ணிக் கூட்டுவதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு முக்கிய வேட்பாளருக்கும் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மதிப்பிட்டு, அந்த வாய்ப்புகளைக் கூட்டுவது அவர் முறை. பத்துத் தொகுதிகளில் ஒரு கட்சிக்குத் தலா 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்போம். முன்னணியை மட்டும் எண்ணுபவர் பத்தும் அதற்கே என்பார். வாய்ப்புகளைக் கூட்டுபவர் ஆறு என்பார். முதல் முறை சிறிய முன்னிலைகளையெல்லாம் முழு வெற்றியாக ஊதிப் பெருக்குகிறது. ஆளுங்கட்சிக்கோ எதிர்க்கட்சிக்கோ அலை அடிப்பதாகத் தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்கிறோமே, அவற்றில் சில இப்படி முன்னணிகளை மட்டும் எண்ணும் முறையிலேயே பிறந்த அலைகள். மொடக்குறிச்சி போன்ற தொகுதி, வாய்ப்புகளைக் கூட்டும் கணக்கில் இரு தரப்புக்கும் அரை அரை இடமாகச் சேரும். அதுவே நியாயம்.

ஆனாலும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பத்துத் தொகுதிகளிலும் பிழை தனித்தனியாக நேர்ந்தால் ஒன்றில் கூடியது மற்றொன்றில் குறைந்து ஈடாகிவிடும். தேர்தலில் பிழைகள் அப்படி நேர்வதில்லை. ஒரு சமூகத்தின் மனநிலையைக் கொடுமுடியில் தவறாகப் படித்தவர் பெருந்துறையிலும் காங்கேயத்திலும் அதையே தவறாகப் படித்திருப்பார். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாயும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் இதுதான் நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சாம் வாங், ஹிலாரி கிளிண்டனின் வெற்றி வாய்ப்பு 99 சதவீதம் என்றார். நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் 71 சதவீதம் என்றது. இருவரிடமும் இருந்தவை ஏறக்குறைய ஒரே கருத்துக்கணிப்புகள். விஸ்கான்சினில் பிழை என்றால் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அதே பிழை இருக்கக்கூடும் என்பதைச் சில்வரின் மாதிரி போதிய அளவு கணக்கில் வைத்திருந்தது, மற்றது வைக்கவில்லை. அந்த மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் டிரம்ப் அதிபரானார். கல்லூரிப் படிப்பு இல்லாத வெள்ளையர்கள் பல சாம்பிள்களில் குறைவாக இருந்ததும், படிப்பை வைத்து எடைபோடத் தவறியதும், கடைசி நாட்களில் முடிவெடுத்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்ததும் காரணங்கள் என்று பின்னர் அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கம் ஆராய்ந்து சொன்னது. 71 சதவீதம் என்றவரும் வென்றவரைச் சொல்லவில்லைதான். ஆனால் பத்தில் மூன்று முறை மற்றது நடக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார். அந்த மூன்றில் ஒன்று நடந்தது.

சாம்பிளே தேவைப்படாத தேர்தலிலும் எடுகோள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் குடியரசுத் தலைவர் தேர்தல் சான்று. வாக்களிப்பவர்கள் யார் யார், எந்தக் கட்சி, யாருடைய வாக்குக்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் முன்பே தெரியும். 1971 மக்கள்தொகையை வைத்து, தமிழ்நாட்டின் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கும் 176 மதிப்பு. 2022இல் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்புள்ள வாக்குகளும் யஷ்வந்த் சின்ஹா 3,80,177 மதிப்புள்ள வாக்குகளும் பெற்றபோது யாரும் வியக்கவில்லை. கட்சிகளின் அறிவிப்பைக் கூட்டிப் பார்த்தவர் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. 1969இல் அதே கூட்டல் பொய்த்தது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னதும் கட்சியின் வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், இரண்டாம் விருப்பங்களையும் எண்ணி, 4,20,077க்கு 4,05,427 என்ற கணக்கில், ரெட்டியை எதிர்த்து நின்ற வி.வி. கிரி வென்றார். கட்சி சொன்னபடி உறுப்பினர் வாக்களிப்பார் என்ற ஒரே எடுகோள் உடைந்ததும் மொத்தக் கணக்கும் உடைந்தது. எல்லா எண்களும் கையில் இருந்த தேர்தலிலேயே இப்படியென்றால், சாம்பிளை நம்பியிருக்கும் தேர்தலில் எடுகோள்களை வெளிப்படையாகச் சொல்வது எவ்வளவு அவசியம்!

இப்படி வாய்ப்பு, வரம்பு என்று பேசுவது தப்பித்துக்கொள்ளும் வழி என்பார் பலர். 70 சதவீதம் என்று சொல்லிவிட்டால் எது நடந்தாலும் சொன்னது சரி என்று வாதாடலாமே என்பது அவர்கள் கேள்வி. ஒரே ஒரு தேர்தலைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. பல தேர்தல்களைச் சேர்த்துப் பார்த்தால் தப்பிக்க வழியே இல்லை. ஒருவர் 70 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நூறு தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏறக்குறைய எழுபதில் அவர் சொன்னவர் வென்றிருக்க வேண்டும். தொண்ணூறில் வென்றிருந்தாலும் தவறு, ஐம்பதில் வென்றிருந்தாலும் தவறு. வானிலை ஆய்வாளர்களின் மழை வாய்ப்பு அறிவிப்பை உலகெங்கும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 234 தொகுதிகள் உள்ள நம் மாநிலத்தில் ஒரே தேர்தல் முடிந்தவுடன் இந்தச் சோதனையைத் தொடங்கிவிடலாம். தொகுதிவாரியாக வாய்ப்பை எழுதி வெளியிட்டவரைத்தான் இப்படி மடக்கிப் பிடிக்க முடியும். '175 முதல் 195' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறவரைக் கேட்க நம்மிடம் என்ன பிடி இருக்கிறது?

ஊர் நிலவரம் ஊர்க்காரனுக்குத் தெரியும், கணக்கு எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. அதில் மதிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. மஞ்சள் விலை விழுந்ததும், வாய்க்காலில் தண்ணீர் தாமதமானதும், எந்த ஊரில் எந்தச் சமூகம் யார்மேல் வருத்தத்தில் இருக்கிறது என்பதும் டெல்லியிலிருந்து வரும் கேள்வித்தாளில் இருக்காது. கொங்கு இம்முறை மாநிலத்தோடு போகாது என்பதை 2021இல் இங்கே பலர் வாய்விட்டே சொன்னார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சும் ஒரு சாம்பிள்தான். அங்கே உட்காருவோர் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஒரே வயது, பல நேரம் ஒரே சாதி. அங்கே பேசாத பெண்களும், காலனியிலிருந்து பெஞ்சுக்கு வராதவர்களும் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள். லிட்டரரி டைஜஸ்டின் தவறு எதுவோ அதுவே இதுவும். உள்ளூர் அறிவு கணக்கு மாதிரிக்குள் போக வேண்டிய தகவல். எந்த வட்டாரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், எந்தப் பிரிவு பதில் சொல்லத் தயங்கும் என்று அது சொல்லித்தர வேண்டும். அந்தத் தகவலுக்கு எடைபோடும் வேலையைக் கணக்கு செய்ய வேண்டும்.

கணிப்புகள் வாக்காளரைக் கெடுக்கின்றன, மொத்தமாகத் தடைசெய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126அ பிரிவு, வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் வெளியிடுவதை ஏற்கெனவே தடுக்கிறது. பல கட்டத் தேர்தலில் அது நியாயமான கட்டுப்பாடு. அதற்கு மேல் போய் முழுத் தடை விதித்தால் கணிப்பு நின்றுவிடாது. பணமுள்ள கட்சிகளும் தரகர்களும் தங்களுக்குள் எடுத்துக்கொள்வார்கள், சாதாரண வாக்காளருக்கு மட்டும் தெரியாமல் போகும். கெடுதல் வருவது கணிப்பு இருப்பதால் அல்ல, பொய்யான உறுதியோடு அது வருவதால். 2024 ஜூன் 3ஆம் தேதி எக்ஸிட் போல்களை நம்பி சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் எண்ணிக்கை தொடங்கியதும் சுமார் 4,390 புள்ளி சரிந்தது. சேமிப்பைப் போட்ட சிறு முதலீட்டாளர்கள் பலர் அந்த இரண்டு நாளில் பட்ட நட்டத்துக்கு, 'இதில் இவ்வளவு பிழை இருக்கலாம்' என்ற ஒரு வரி அறிவிப்பு எவ்வளவோ காப்பாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வரியைச் சொல்ல வைக்க முடியும் என்பதற்குப் பிரிட்டன் முன்மாதிரி. அங்கே 2004இல் உருவான கருத்துக்கணிப்பு மன்றத்தின் உறுப்பினர்கள், எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள், எப்படி எடைபோட்டார்கள் என்ற விவரங்களையும் அட்டவணைகளையும் பொதுவில் வைத்தாக வேண்டும். 2015 பொதுத்தேர்தலில் எல்லோரும் ஒரே பக்கம் தவறியபோது, பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரணை நடத்தி, சாம்பிள்கள் மக்களைச் சரியாகப் பிரதிபலிக்காததே முதல் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் நாட்டில் கணிப்பு தவறினால் தொலைக்காட்சியில் ஒரு நாள் வருத்தம், மறு தேர்தலில் மீண்டும் அதே நிறுவனம், அதே உறுதி. சாதாரண மக்களுக்கு வாய்ப்புக் கணக்கு புரியாது, ஓர் எண் சொன்னால்தான் எடுபடும் என்று சேனல்கள் சொல்வதை ஏற்க முடியாது. விதைப்பதா வேண்டாமா என்று மழை வாய்ப்பைப் பார்த்து முடிவெடுக்கும் விவசாயிக்கும், விளைந்ததை இன்று விற்பதா இருப்பு வைப்பதா என்று யோசிக்கும் குடும்பத்துக்கும் நிச்சயமின்மையோடு வாழத் தெரியும். அவர்களிடம் அதை மறைப்பதுதான் அவமதிப்பு.

அடுத்த தேர்தலில் ஒரு கணிப்பு உங்கள் முன் வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரை, எந்த முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள்? பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களை எப்படி ஈடுசெய்தார்கள்? வாக்கை இடமாக மாற்றியபோது என்ன எடுகோள் வைத்தார்கள், கொங்கையும் டெல்டாவையும் தென்மாவட்டங்களையும் தனித்தனியாகப் பார்த்தார்களா? சென்ற தேர்தலில் அவர்கள் சொன்னதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம்? இந்த நான்குக்கும் பதில் தராத நிறுவனம் எத்தனை லட்சம் பேரைக் கேட்டிருந்தாலும், எவ்வளவு பெரிய திரையில் தோன்றினாலும், அது சொல்வது ஊகம்தான். பதில் தந்துவிட்டு 'இந்தத் தேர்தலில் யார் வெல்வார் என்று இப்போது சொல்ல முடியவில்லை' என்று முடிக்கிற கணிப்பு, வாசகரை மதித்து எழுதப்பட்ட கணிப்பு. அப்படி எழுதுகிறவர்களைத் தேடிப் படிப்பதும், எழுதாதவர்களிடம் விடாமல் கேட்பதும் வாக்காளராகிய நம் வேலை. நம் வாக்கைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். எவ்வளவு தெரிந்து பேசுகிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு.